ஓர் இலையில் எத்தனை செடி

ஆப்பிரிக்கன் வயலட் செடியிலிருந்து நன்கு விளைந்த இலை ஒன்றைக் காம்போடு கிள்ளி எடுத்து, காம்பின் அடியைச் சாய்வாக நறுக்கி, ஈரமான பெர்லைட்டிலோ தென்னை நார்க்கழிவிலோ செருகி வைத்தால் சில வாரங்களில் வேர் விடுகிறது. இரண்டு மாதம் போனால் காம்படியில் கடுகளவு பச்சை முளைகள் தலைகாட்டும். பெரும்பாலும் ஒன்றோடு நிற்காது. மூன்று, நான்கு என்று வரும். ஒவ்வொன்றும் பிரித்து நடத்தக்க தனிச்செடி. தாய்ச்செடியின் அதே பூவை அதே நிறத்தில் ஏறக்குறைய ஒரு வருடத்தில் அவையும் பூத்துவிடும். வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்களுக்கு இது சாதாரண கைவேலை. ஆனால் உயிர் என்பது என்ன என்று யோசிப்பவர்களை இந்தக் கைவேலை திடுக்கிட வைக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் ஆர்மகாஸ்ட் அண்ட் ராய்ஸ்டன் என்ற நாற்றுப்பண்ணை, ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த விதைகளை 1920களின் இறுதியில் முளைக்க வைத்து, ஆயிரம் போல் வந்த நாற்றுகளில் பத்தைத் தேர்ந்து பெயர் வைத்தது. அவற்றில் ஒன்று ‘புளூ பாய்’. அந்த நாற்றின் இலை, இலையின் செடி, அந்தச் செடியின் இலை என்று வழிவழியாக அது எத்தனையோ வீடுகளின் சன்னலோரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் நாற்றின் உடல் எப்போதோ மண்ணாகியிருக்கும். அப்படியானால் புளூ பாய் இறந்துவிட்டதா, இருக்கிறதா? இருக்கிறது என்றால் அது ஒன்றா, ஆயிரமா? நம் சன்னலில் இருப்பதற்குத் தண்ணீர் ஊற்றும்போது யாருக்கு ஊற்றுகிறோம்?

இந்தக் குழப்பம் பழையது. சில செடிகளை வெட்டிப் பிரித்தாலும் துண்டுகள் தனித்தனியே வாழ்கின்றன என்பதைக் கவனித்த அரிஸ்டாட்டில், செடியிலுள்ள உயிர் இப்போதைக்கு ஒன்றாகவும், பலவாகும் ஆற்றல் உடையதாகவும் இருக்கிறது என்று உயிரைப் பற்றிய தன் நூலில் முடிவு சொன்னார். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கியபோது புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டுமே உள்ள ஓரறிவு உயிர்களாக வைத்தது. அறிவு எத்தனை என்று அது எண்ணியது. உயிர் எத்தனை என்பதை எண்ணவில்லை. சைவ மரபில் எழுவகைப் பிறப்பில் தாவரமும் ஒன்று. வினைக்கேற்ப உயிர் எடுக்கும் உடல்களில் செடியின் உடலும் சேரும். உடனே கேள்வி எழுகிறது: ஓர் உயிர் இந்தச் செடிக்குள் வந்து தங்கியிருக்கிறது என்றால், இலையிலிருந்து வந்த நான்கு கன்றுகளுக்குள் இருப்பது யார்? இதை நேருக்கு நேர் எதிர்கொண்டவர்கள் சமணர்கள். தாவரங்களை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஓர் உடலில் ஓர் உயிர் தங்கும் பிரத்தியேகத் தாவரம் ஒன்று; ஓர் உடலை எண்ணற்ற உயிர்கள் பொதுவில் பகிர்ந்துகொள்ளும் சாதாரணத் தாவரம் இன்னொன்று. வெட்டிய துண்டு மறுபடி முளைப்பதை அந்தப் பொதுவுடலின் அடையாளங்களில் ஒன்றாகவே அவர்கள் குறித்துவைத்தார்கள். கிழங்கு வகைகளைச் சமணர்கள் விலக்குவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான். அவர்களுடைய விடையை ஏற்கிறோமோ இல்லையோ, கேள்வியை இவ்வளவு கூர்மையாகக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை என்றே நினைக்கிறேன். ஒரு தோட்டக்காரனின் கத்தி நுனியில் ஆன்மா பற்றிய கொள்கை சோதனைக்கு வருகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இன்று நம்மில் பலருக்கு எளிதாகத் தோன்றும் விடை பௌத்தத்தின் பக்கம் இருக்கிறது. மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடலில் ஒரு விளக்கு வருகிறது. இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா? ஒன்றும் இல்லை, வேறும் இல்லை. தொடர்ச்சி மட்டும் உண்டு. இதை வயலட்டுக்குப் பொருத்தினால் எல்லாம் சுலபமாகத் தீர்ந்துபோவதுபோல் தெரியும். செடி என்று தனியாக யாரும் இல்லை. ஓர் ஓட்டம் இருக்கிறது, சுடரிலிருந்து சுடர் ஏற்றுவதுபோல் இலையிலிருந்து இலைக்குப் போகிறது. ஆகவே ஒரு செடி நோய்ப்பட்டாலோ, கழுத்து நீண்டு அழகு கெட்டாலோ வருந்த எதுவும் இல்லை. இலையைக் கிள்ளி நட்டுவிட்டுத் தாயைக் குப்பையில் போடலாம், எதையும் இழக்கவில்லை. வளர்ப்பவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள், இப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். நடைமுறைக்கு நல்ல வழி என்பதில் எனக்கு மறுப்பில்லை. ‘எதையும் இழக்கவில்லை’ என்ற அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை இல்லை. அது ஏன் உண்மை இல்லை என்பதை இந்தச் செடியே காட்டித் தருகிறது.

வயலட் வகைகளில் ‘கைமேரா’ என்று ஒரு கூட்டம் உண்டு. இதழ்களின் நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் வேறொரு நிறம். பட்டைகள் காற்றாடியின் இறக்கைபோல் மையத்திலிருந்து விரிந்து நிற்கும். இந்தப் பட்டை எந்த ஒரு செல்லிலும் எழுதி வைத்ததில்லை. செடியின் வளரும் நுனியில், அதாவது குருத்தில், திசுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கைமேரா செடியில் ஓர் அடுக்கின் மரபணு ஒரு விதம், அதன்மேல் போர்த்திய அடுக்கின் மரபணு வேறு விதம். இரண்டும் சேர்ந்து, அதே வரிசையில் அடுக்கப்பட்டு வளரும்போதுதான் பட்டை தோன்றுகிறது. இப்போது அந்தச் செடியின் இலையைக் கிள்ளி நடுங்கள். கன்று வரும், ஆரோக்கியமாகவே வரும், பூக்கும். பட்டை மட்டும் பெரும்பாலும் வராது. ஒரே நிறப் பூவாகிவிடும். காரணம், இலைக்காம்பின் அடியில் எழும் முளை பெரும்பாலும் மேற்தோலின் ஒற்றைச் செல்லிலிருந்து புதிதாகக் கிளம்புகிறது. ஒரு செல்லுக்குள் ஓர் அடுக்கின் மரபுதான் இருக்கும். அடுக்கு வரிசை என்பது அதற்குத் தெரியாது. கைமேராவைப் பெருக்க வேண்டுமென்றால் பக்கக்கன்றைப் பிரித்து நட வேண்டும், அல்லது பூத்தண்டை நட்டு அதன் சிற்றிலைக் கக்கத்தில் உறங்கும் மொட்டை எழுப்ப வேண்டும். அந்த மொட்டுகள் தாயின் குருத்திலிருந்து எல்லா அடுக்குகளையும் வரிசை மாறாமல் பெற்றுவந்தவை. வளர்ப்பவர்கள் இதைத் தொழில்நுணுக்கமாகத்தான் பார்க்கிறார்கள். கைமேராவின் விலை கூடுதலாக இருப்பதற்கும் இதுவே காரணம். நான் இதில் ஒரு தத்துவச் சான்றைப் பார்க்கிறேன். எந்த உறுப்பிலும் தனியாக இல்லாத ஒன்று முழுமையில் மட்டும் இருக்கிறது; முழுமையைக் கலைத்தால் எல்லா உறுப்புகளும் உயிரோடு இருக்கும்போதே அது போய்விடுகிறது. இலை முழுச்செடியையும் தனக்குள் வைத்திருக்கிறது என்ற எண்ணத்துக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை.

கைமேரா விதிவிலக்கு, சாதாரண வயலட்டில் எல்லாச் செல்லும் ஒரே மரபுதானே, அங்கே இலையும் செடியும் ஒன்றுதானே என்று கேட்கலாம். மரபு ஒன்று என்பது சரி. ஆனால் செடி என்பது மரபு மட்டும் இல்லை. அது ஓர் உடல், உடலுக்கு நடந்தவை உண்டு. இலையைவிடக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வயலட்டின் இலையில் வெளிர்மஞ்சள் வளையங்கள் விழும். அந்த இடத்தில் பச்சையம் தாங்கிய செல்கள் சிதைந்துபோகின்றன, இலை உதிரும்வரை வடு மாறுவதில்லை. ஒரே பக்கம் வெளிச்சம் பட்டால் செடி அந்தப் பக்கம் சாய்ந்து வளரும். அதனால்தான் தொட்டியை வாரத்துக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்பி வைக்கிறார்கள். கீழ் இலைகள் முதிர்ந்து உதிர உதிர, உதிர்ந்த தழும்புகளோடு தண்டு வெறுமையாகி நீளும். அதைத்தான் கழுத்து என்கிறார்கள். இவையெல்லாம் இந்த உடலின் வரலாறு. இலைக்கன்றில் இவற்றில் எதுவும் இருக்காது. அது புதிதாகப் பிறந்தது.

கழுத்து நீண்ட செடிக்குச் செய்யும் வைத்தியத்தைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். கீழ் இலைகளை நீக்கி, வெறுந்தண்டை மெல்லச் சுரண்டி, செடியை இலையடி வரை மண்ணுக்குள் இறக்கி நடுகிறார்கள். வேர் அழுகியிருந்தால் தலையை மட்டும் குருத்தோடு வெட்டி எடுத்துப் புதிய கலவையில் வைத்து, ஈரம் போகாமல் மூடி, மறுபடி வேர்விட வைக்கிறார்கள். வேர் எல்லாம் போய்விட்டது, தண்டில் பாதி போய்விட்டது. ஆனாலும் எந்த வளர்ப்பவரும் இதை வேறு செடி என்று சொல்வதில்லை; பழைய செடி பிழைத்துக்கொண்டது என்பார். இலைக்கன்றைப் பற்றிப் பேசும்போது ‘அதன் குட்டி’ என்பார். பழக்கத்தில் வந்த இந்தச் சொல்வேறுபாட்டில் பொருள் இருக்கிறது. தலையை வெட்டி நட்டபோது குருத்து ஒரு கணமும் அறுபடவில்லை. இதுவரை இலை இலையாகக் கட்டிவந்த அதே நுனி தொடர்ந்து கட்டுகிறது. இலையை நட்டபோது பழைய குருத்தோடு உறவு அறுந்து, இல்லாத இடத்தில் ஒரு புதுக்குருத்து உண்டானது. முன்னது தொடர்ச்சி, பின்னது பிறப்பு. நாகசேனரின் சுடர் உவமை குருத்துக்குப் பொருந்துகிறது, இலைக்குப் பொருந்தவில்லை. ஆகவே புளூ பாயைப் பற்றிய கேள்விக்கு என் விடை இது: முதல் நாற்று இறந்துவிட்டது. இன்று இருப்பவை அதன் வழி வந்தவை. அச்சு அசலாக அதைப்போன்றவை, அதுவே ஆகாதவை. பக்கக்கன்றைப் பிரிக்கும்போது மட்டும் கணக்கு உண்மையிலேயே சிக்கலாகிறது. அங்கே ஒன்று இரண்டாகிறது. அரிஸ்டாட்டில் சொன்ன ‘ஆற்றலில் பல’ என்பது அந்த இடத்துக்கு இன்றும் பொருத்தமான சொல்தான்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று. செடிக்கு நரம்பில்லை, மூளையில்லை. அதற்கு எதுவும் வலிக்கிறது என்று காட்டச் சான்றில்லை. தான் தொடர்கிறதா, முடிகிறதா என்பது அதற்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு இழப்பு ஏது? இந்த மறுப்பின் முதற்பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். செடி அழுகிறது, பாட்டு கேட்கிறது என்று சொல்லி அதன்மீது நம் மனத்தை ஏற்றுவது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் வலியும் இழப்பும் ஒன்றல்ல. வயலட்டின் மென்மையான வேர்கள் காற்றுப்புகும் மண்ணுக்குப் பழகியவை. தொட்டியில் தண்ணீர் தேங்கினால் மூச்சு முட்டி அழுகும். அழுகல் தண்டேறிக் குருத்தைத் தொட்டால் செடி ஒருசில நாளில் துவண்டு விழும். இது கெடுதல், யாருக்குக் கெடுதல்? வளர்ப்பவருக்கு மட்டும் என்றால், வளர்ப்பவர் ஊருக்குப் போயிருக்கும்போது அழுகினால் அது கெடுதல் இல்லை என்றாகும். அப்படி யாரும் நினைப்பதில்லை. இயந்திரத்துக்கும் துரு கெடுதல்தானே என்றால், இயந்திரத்தின் நன்மை அதைச் செய்தவனின் நோக்கத்திலிருந்து வருவது. அவன் நோக்கம் மாறினால் நன்மையும் மாறும். செடி தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது, தன் காயத்தைத் தானே மூடுகிறது, வெளிச்சத்தின் பக்கம் தானே திரும்புகிறது. அடுக்கு இதழை நமக்காக நாம் தேர்ந்து வளர்த்திருக்கலாம். அழுகாமல் இருப்பது நமக்காக அல்ல. உணர்வு இல்லாத இடத்திலும் நலமும் கேடும் இருக்கின்றன. ஓரறிவு உயிர் என்று ஒரு தட்டையே அமைத்து அதை உயிர்களின் வரிசைக்குள் வைத்த முன்னோர்கள் இதைத்தான் கண்டிருந்தார்கள்: அறிவு குறைவு, ஆனாலும் உயிர்.

இந்த நலம் தொட்டிக்குத் தொட்டி வேறுபடுவதால்தான் வயலட் வளர்ப்புக் குறிப்புகள் எப்போதும் பாதிதான் உதவுகின்றன. கிழக்குச் சன்னல், நேர் வெயில் படாத வெளிச்சம், 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை வெப்பம், இரவில் எட்டு மணி நேரமாவது இருட்டு, இலைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள சிறு தொட்டி, அடியிலிருந்து திரி வழியாகத் தண்ணீர் என்பதெல்லாம் சரிதான். இவை வகைக்கான விதிகள். எல்லாப் புளூ பாய்க்கும் ஒன்றே. ஆனால் இன்றைக்கு இந்தத் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டுமா என்பதை எந்தக் குறிப்பும் சொல்லாது. மண்ணில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், தொட்டியைத் தூக்கி எடை பார்க்க வேண்டும். இலை தொங்கியிருப்பது தாகத்தாலா, வேர் அழுகியதாலா? இரண்டுக்கும் முகம் ஒன்று, மருந்து எதிரெதிர். பார்க்காமல் ஊற்றும் தண்ணீரால் சாகும் வயலட்டுகளே அதிகம். பராமரிப்பு என்ற செயலே, இது இன்னொன்றால் ஈடுசெய்ய முடியாத ஒன்று என்ற அனுமானத்தில்தான் நடக்கிறது. வாயால் ‘இது ஓர் ஓட்டம்தான்’ என்று சொல்பவரின் விரலும் இந்தத் தொட்டியின் மண்ணைத்தான் தொட்டுப் பார்க்கிறது.

இந்த வாதம் தொட்டிச் செடியைப் பற்றிய மென்னுணர்வில் முடிந்துபோகும், பெரிய விஷயத்தை மறக்கடிக்கும் என்று ஒருவர் கவலைப்படலாம். கவலை நியாயமானது, விடை அதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. இந்தச் செடியின் சொந்த ஊர் தான்சானியாவின் உசம்பரா, உலுகுரு மலைகளும் கென்யாவின் தென்கிழக்கு ஓரமும். அடர்ந்த காட்டின் நிழலில், பாசி படிந்த பாறை இடுக்குகளில் ஒட்டி வளர்வது. 1884இலேயே உலர்ந்த மாதிரி ஒன்று கியூ தோட்டத்துக்குப் போயிருந்தும் யாரும் அதற்குப் பெயரிடவில்லை. அன்றைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் அதிகாரியாக இருந்த வால்டர் ஃபான் செயின்ட் பால்-இல்லேர் 1892இல் டாங்காவுக்கு அருகே அதைக் கண்டு ஜெர்மனியிலிருந்த தந்தைக்கு அனுப்பினார். தந்தை வழியாக அது ஹானோவரின் ஹெரன்ஹாசன் தோட்ட இயக்குநர் ஹெர்மான் வெண்ட்லாண்டிடம் போனது; 1893இல் அவர் அதற்குச் செயின்ட்பாலியா என்று பெயரிட்டார். 2015இல் தாவரவியலாளர்கள் மரபணு உறவைப் பார்த்து அதை ஸ்ட்ரெப்டோகார்பஸ் பேரினத்துக்குள் சேர்த்தார்கள். காட்டில் இன்று அதன் இனங்கள் ஏறத்தாழப் பத்து. கென்யாவின் தைத்தா குன்றுகளில் ம்போலோலோ என்ற ஒரே குன்றில் வாழும் இனமும் அவற்றில் ஒன்று. காடு வெட்டப்பட்டு நிழல் போனால் பாறை காய்கிறது. பாறை காய்ந்தால் செடி இல்லை. வீட்டுக்கு வீடு இருக்கும் ஒரு செடி அழிவின் விளிம்பில் இருக்கிறது என்றால் கேட்பவர் வியக்கிறார்: இத்தனை கோடி இருக்கும்போது அது எப்படி அழியும்?

மேலே பார்த்த அதே பிழைதான் இங்கே பெரிய உருவில் வருகிறது. இலையில் செடி முழுதும் இருக்கிறது, ஆகவே தாய் போனால் இழப்பில்லை. சன்னலில் இனம் முழுதும் இருக்கிறது, ஆகவே காடு போனால் இழப்பில்லை. சன்னலோர வகைகள் மிகக் குறுகிய விதைச் சேமிப்பிலிருந்து கிளைத்தவை. காட்டு இனங்கள் பலவற்றின் மரபு அவற்றில் இல்லை. மரபு முழுதும் இருந்தாலும் போதாது. இந்தப் பூ தேன் தருவதில்லை. மகரந்தத்தைப் பையிலிருந்து எளிதில் விடுவதும் இல்லை. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர வைக்கும் தேனீக்குத்தான் அது உதிரும். சூல்தண்டு சில பூக்களில் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் சாய்ந்திருக்கிறது. தேனீயின் ஒரு பக்கத்தில் ஒட்டிய மகரந்தம் எதிர்ப்பக்கம் சாய்ந்த பூவில் போய்ச் சேர அது உதவும். சன்னலில் இருக்கும் பூவும் இதே அமைப்போடுதான் மலர்கிறது, வராத தேனீக்காக. பாறை, நிழல், தேனீ, பூ ஆகிய நான்கும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய ஒரு முழுமை அந்தக் காடு. கைமேராவின் பட்டைபோல, அதை எந்த ஓர் இலையிலிருந்தும் மீட்டெடுக்க முடியாது. தொட்டிச் செடியை ‘இது வெறும் நகல்’ என்று பார்ப்பவரைவிட, அதையே ஈடற்ற ஒன்றாகப் பார்க்கப் பழகியவருக்குத்தான் உசம்பராவின் இழப்பு என்னவென்று புரியும் என்பது என் துணிபு.

இதனால் பழைய செடியைக் கடைசிவரை கட்டிக் காக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சைக்ளமன் பூச்சி குருத்தில் ஏறிய செடியை, மற்றத் தொட்டிகளைக் காக்க, பையில் கட்டி அப்புறப்படுத்துவது சரியே. செடிக்குள் ஓர் ஆன்மா இருக்கிறது என்று நிறுவவும் நான் முயலவில்லை. சமணரின் எண்ணிக்கையும் சைவரின் எண்ணிக்கையும் இங்கே தீர்ந்துவிடவில்லை. அப்புறப்படுத்தும்போது ஒன்று முடிகிறது என்று ஒத்துக்கொள்வதோடு என் வாதம் நிற்கிறது. ஆனால் அந்த ஒத்துக்கொள்ளல் இன்னும் ஓர் இடத்துக்கு நம்மைக் கொண்டுபோகிறது. கன்றுகளைப் பிரித்தெடுத்த பிறகு தாயிலை பல சமயம் பச்சையாகவே இருக்கும். கன்றுகள் புதிதாகப் பிறந்தவை என்றால், பழைய செடியின் உடலில் இன்னும் உயிரோடு மிச்சமிருப்பது இந்த ஓர் இலைதான். அதற்குக் குருத்தில்லை, இனி அது தன்னை வளர்த்துக்கொள்ளப் போவதும் இல்லை. சிலர் அதை மண்ணுக்கு உரமாகப் போடுகிறார்கள். சிலர் காம்பை மறுபடி சாய்வாக நறுக்கி, ஈரக் கலவையில் செருகி, வெளிச்சம் படும் இடத்தில் வைக்கிறார்கள்.